வெண்புனல் ஆணையம், மூன்றாவது மாடி

கானத்தூர் குப்பத்து ரங்கன் நடக்கக் கற்றதற்கும் நீந்தக் கற்றதற்கும் நடுவில் அதிக நாள் வித்தியாசம் இல்லை. முப்பது வயது வரை கடலில் மீன் பிடித்தான். அதற்குப் பிறகு ஆறு வருஷமாக, ஜூன் பிறந்தால் தாம்பரத்தில் ரயிலேறி மேற்கு மலைக்குப் போய்விடுவான். அங்கே அடர்ந்த காட்டுக்குள் முறியாறு என்று ஓர் ஆறு, பாறைக்குப் பாறை மோதி நுரைத்துக்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டர் இறங்குகிறது. ஏசுபாதம் என்பவர் அந்த ஆற்றில் காற்றடைத்த ரப்பர் படகில் ஆட்களை ஏற்றிச் சவாரி விடுகிறார். ராஃப்டிங் என்று அதற்குப் பெயர். எட்டுப் பேர் துடுப்பும் கையுமாக உட்கார்ந்து அலறுவார்கள். ஒன்பதாவது ஆளாகப் படகின் வாலில் உட்கார்ந்து அலறாமல் இருப்பதும், படகை எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம் விடுவது என்று பார்ப்பதும் ரங்கனின் வேலை. ஆறு வருஷத்தில் அவன் படகிலிருந்து தண்ணீரில் விழுந்தவர்கள் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். ஒருவரையும் அவன் ஆற்றிடம் விட்டுக்கொடுத்ததில்லை.

இந்த நிலையில்தான் போன மார்ச் மாதம் ஏசுபாதம் போன் செய்தார்.

"ரங்கா, புதுசா ஒரு ஆர்டர் வந்திருக்கு. ஜூன் ஒண்ணாந் தேதியிலேருந்து சான்றிதழ் இல்லாத ஆளு படகு ஓட்டக்கூடாதாம். ஓட்டினா கம்பெனிக்குப் பூட்டுதான்."

"அத எங்கண்ணா தராங்க?"

"உங்க ஊர்ப் பக்கம்தான். சேலையூர், கேம்ப் ரோடு."

"அங்க ஆறு இல்லியேண்ணா" என்றான் ரங்கன்.

"ஆணையம் இருக்குதாமே" என்றார் ஏசுபாதம்.

ரங்கனின் மனைவி தனம் கேம்ப் ரோட்டுத் தெருக்களில் பன்னிரண்டு வருஷமாக மீன் விற்பவள். எந்த வீட்டில் எந்தக் கிழமை சைவம் என்பது வரை அவளுக்குத் தெரியும். விலாசத்தைப் பார்த்துவிட்டு, "கீழ ஸ்வீட்டு கடை, மேல பல்லு டாக்டரு. அந்த மூணாவது மாடியா? ஆத்துல வேல செய்றவனுக்கு மாடியில இன்னா பரீச்ச?" என்று கேட்டாள்.

மூன்றாவது மாடியில் பெரிய பலகை தொங்கியது: வெண்புனல் மிதவைச் சாகசத் தகுதிச் சான்றளிப்பு ஆணையம். ரங்கன் அதை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தான். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடம் அப்படி என்றால் என்ன என்று கேட்டான். வாட்ச்மேன், தான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்றும், வெள்ளையடிக்கிற ஆபீஸாக இருக்கலாம் என்றும் சொன்னார்.

விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தவள் சுப்ரஜா. ஆணையத்தின் பயிற்றுநர், இருபத்தெட்டு வயது, பொறுமையாகப் பேசுகிற பெண். எல்லாம் சரியாக இருக்கிறது, நீச்சல் சான்று மட்டும் இல்லை என்றாள்.

"நீந்திக் காட்டட்டுமாங்க?"

"நாங்க பார்க்க முடியாதுங்க. ஆணையத்துக்குக் குளம் கிடையாது. உங்க நீச்சலை நேரில் அறிவேன்னு ஒரு அரசு அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

தனத்திடம் வாராவாரம் வஞ்சிரம் வாங்கும் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், அதனால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கானத்தூருக்கு வாருங்கள், காட்டுகிறேன் என்றான் ரங்கன். கடலைப் பார்த்தால் தனக்குத் தலை சுற்றும் என்றார் அவர். இருவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் ரங்கன் அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு பெஞ்சின் மேல் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடித்துக் காட்டினான். தலைமை ஆசிரியர் இரண்டு நிமிஷம் கவனமாகப் பார்த்துவிட்டு, 'தரையில் நன்றாக நீந்துகிறார்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். சுப்ரஜா அதைப் படித்துவிட்டு, பயிற்சி மொட்டை மாடியில்தான் நடக்கப்போகிறது, இது போதும் என்று கோப்பில் சேர்த்துக்கொண்டாள்.

பயிற்சியை ஆணையத்தின் இயக்குநர் லக்ஷ்மிநாராயணன் தொடங்கிவைத்தார். அதற்கு முன் அவர் பதினெட்டு வருஷம் காகிதக் கொள்முதல் பிரிவில் இருந்தவர். நெற்றியில் மெல்லிய சந்தனக் கீற்று, சட்டைப் பையில் மூன்று பேனா. பதினோரு பேர் இருந்த அறையில் மைக் பிடித்துப் பேசினார்.

"எல்லாரும் என்கிட்ட ஒரு கேள்வி கேட்கிறாங்க. ஆறு அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு, ஆணையம் ஏன் சேலையூர்லன்னு. ஆத்தங்கரையில ஆபீஸ் வச்சா ஈரத்துல ஃபைல் எல்லாம் பூஞ்சை பிடிச்சிடும். அது போகட்டும். ஆத்தைத் தினம் பார்த்துண்டே இருந்தா ஒருத்தனுக்கு நடுநிலை இருக்குமா? பாசம் வந்துடும். நான் இன்னி வரைக்கும் எந்த ஆத்துலயும் கால் நனைச்சதில்லை. அதனாலதான் எந்த ஆறும் என்னைக் குறை சொல்ல முடியாது."

எல்லோரும் கை தட்டினார்கள். ரங்கனும் தட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரணவ் அதை வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டான். சேலையூர்ப் பையன், இருபத்து மூன்று வயது, கம்ப்யூட்டர் படித்தவன். வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது ஏதாவது சாகசச் சான்றிதழ் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லி வந்திருந்தான்.

ஏப்ரல் பாதியில் செய்முறை வகுப்பு தொடங்கியது. மொட்டை மாடியில் ரப்பர் படகை ஊதி வைத்தார்கள். தண்ணீர் டேங்குக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவில் முழுப் படகுக்கு இடம் போதாததால் முன்பாதியை மட்டும் ஊதினார்கள். பதினோரு மணி வெயிலில் ரப்பர் கொதித்தது. ஆளுக்கொரு ஈரத் துண்டைப் போட்டு உட்கார்ந்து, சுப்ரஜா "முன்வலி" என்றால் காற்றில் துடுப்பை முன்னால் இழுத்தார்கள். "பின்வலி" என்றால் பின்னால். தாம்பரம் போகும் பஸ்களில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார்கள்.

அலைப் பயிற்சி என்று ஒரு நாள் வைத்தார்கள். அதற்கு வாட்ச்மேன் மக்கில் தண்ணீர் எடுத்து ஒவ்வொருவர் முகத்திலும் அடிக்க வேண்டும். லாரித் தண்ணீரில் குடித்தனம் நடத்தும் கட்டடம் அது. மாடிக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். ஆணையம் கூடிப் பேசி, தலைக்கு அரை மக் என்று முடிவானது. மறுநாள் அதுவும் நின்றது. வாட்ச்மேன் எதிரில் நின்று கையை உயர்த்தி "அலை" என்று சொல்வார், எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

ரங்கனுக்கு இதுதான் வரவில்லை. அலை வந்தால் அவன் உடம்பு தானாக வளையும். வராத அலைக்கு எப்படி வளைவது என்று அதற்குத் தெரியவில்லை. துடுப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"ரங்கன் அண்ணா, அலை வந்தாச்சு" என்றாள் சுப்ரஜா.

"எங்கம்மா?"

மேற்பார்வைக்கு வந்திருந்த லக்ஷ்மிநாராயணன் குடையுடன் நெருங்கினார். "தண்ணி இல்லைன்னு நினைக்கறீங்க, இல்லையா? அதான் உங்க பிரச்சினை. தண்ணி இருந்தா எவன் வேணா துடுப்புப் போடுவான். இல்லாத இடத்துல போடறவன்தான் பயிற்சி பெற்றவன்."

மே மாதக் கடைசியில் தேர்வு. வினாத்தாளின் முதல் கேள்வி, படகு கவிழ்ந்தால் வழிகாட்டி முதலில் செய்ய வேண்டியது என்ன என்பது. 'வியுந்தவங்கள புடிச்சி மேல தூக்கறது' என்று ரங்கன் எழுதினான். சரியான விடை, 'நிகழ்ந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுதல்'. காட்டாற்றின் வகைகள் ஐந்தை எழுதுக என்ற கேள்விக்கு முறியாற்றில் தண்ணீர் சரிந்து பாயும் பதினான்கு பாய்ச்சல்களையும், எந்தெந்தப் பாறை எந்த மாதத்தில் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் என்பதையும் மூன்று பக்கம் எழுதிவைத்தான். கேட்டதற்கு மேல் எழுதியதற்காக மதிப்பெண் குறைத்தார்கள்.

முடிவு வந்தபோது பிரணவ் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. ரங்கன் இருபத்தொன்பது. மறுதேர்வுக்குப் பதினோரு மாதம் காத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு அவன் கேம்ப் ரோட்டிலிருந்து பஸ் ஏறாமல் மேடவாக்கம் வரைக்கும் நடந்தே போனான். ஆறு வருஷமாகக் கையும் காலும் செய்த வேலை தனக்குத் தெரியாது என்று காகிதத்தில் எழுதி முத்திரை குத்தித் தந்திருக்கிறார்கள். தெரியாதோ என்று ஒரு நிமிஷம் அவனுக்கே தோன்றிவிட்டது. அதுதான் ரொம்ப வலித்தது. வீட்டில் தனம் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, "சாப்புடு" என்றாள்.

ஜூன் இரண்டாம் தேதி ஏசுபாதம் மறுபடி போன் செய்தார். "அந்த முதல் மார்க் பையன வேலைக்கு எடுத்திருக்கேன், ரங்கா. ஆறு மாச அனுபவம் இருந்தாத்தான் காலேஜ்ல எடுப்பாங்களாம். நேத்து ஆத்தைக் காட்டினேன். அப்பத்துலேருந்து ரூமை விட்டு வர மாட்டேங்கறான். நீ உடனே கெளம்பி வா."

"நான் படகு ஓட்டக்கூடாதேண்ணா."

"ஓட்டாத. டூரிஸ்டா வா. விதிமுறையப் படிச்சுப் பார்த்துட்டேன். பயணி துடுப்புப் பிடிக்கலாம், உற்சாகத்துல குரல் கொடுக்கலாம்னு போட்டிருக்கு. நீ பின்னால உக்காந்து உற்சாகமா குரல் கொடு."

அப்படித்தான் அந்தப் பருவம் ஓடியது. தினமும் காலையில் பயணிகள் பதிவேட்டில் ரங்கன் கையெழுத்துப் போடுவான். ஊர், கானத்தூர். வந்த நோக்கம், இயற்கையை ரசித்தல். தலைமை வழிகாட்டி பிரணவ் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான். ரங்கன் வாலில் உட்கார்ந்து, "இடது பக்கம் வலிங்க, நிறுத்துங்க, குனிஞ்சிக்கோங்க" என்று உற்சாகமாகக் குரல் கொடுப்பான். மழைக்காட்டின் மரங்கள் இரண்டு கரையிலிருந்தும் ஆற்றின் மேல் கவிழ்ந்திருக்கும். அட்டையும் சாரலுமாக, மனித வாடையே இல்லாத இடம். பாறை ஒவ்வொன்றும் அவனை அடையாளம் கண்டுகொண்டது போல ஒதுங்கி வழி விட்டது.

மூன்றாம் நாளே பிரணவ் உண்மையைச் சொன்னான். "அண்ணா, எனக்கு நீச்சல் தெரியாது. பச்சை இங்க்ல கையெழுத்துப் போட்டது எங்க சித்தப்பா."

"தெரியும் தம்பி. நீ லைஃப் ஜாக்கெட்ட இறுக்கிக் கட்டிக்கோ, அது மெதக்கும்."

செப்டம்பர் கடைசியில் ஆணையம் ஆய்வுக்கு வந்தது. லக்ஷ்மிநாராயணனும் சுப்ரஜாவும் ஜீப்பிலிருந்து இறங்கினார்கள். இயக்குநர் ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சத்தம் அதிகமா இருக்கே. எப்பவுமே இப்படித்தானா?"

"மழை ஜாஸ்தி சார். இன்னிக்கு வேணாம்" என்றான் ரங்கன்.

"நீங்க ஃபெயிலானவர் இல்லையா? இங்க என்ன பண்றீங்க?"

"டூரிஸ்ட்டு சார்."

இயக்குநர் பதிவேட்டைப் புரட்டினார். ஒரே சுற்றுலாப் பயணி நூற்றுப் பதினோரு முறை இயற்கையை ரசித்திருப்பதைப் பார்த்துத் திருப்தியுடன் தலையசைத்தார். ஆணையம் வந்த பிறகு பயணிகளுக்கு நம்பிக்கை பிறந்திருப்பதற்கு இதுவே சாட்சி என்று குறித்துக்கொள்ளும்படி சுப்ரஜாவிடம் சொன்னார்.

பிறகு படகின் வாலில் போய் உட்கார்ந்தார். அது வழிகாட்டியின் இடம் என்றார் ஏசுபாதம். நாட்டிலேயே வழிகாட்டி எண் ஒன்று தான்தான் என்று இயக்குநர் அடையாள அட்டையைக் காட்டினார். அதில் கையெழுத்திட்டிருந்தவரும் அவரே. சுப்ரஜாவும் பிரணவும் முன்னால் ஏறினார்கள், ஏசுபாதம் கரையிலேயே நின்றுகொண்டார். பயணி என்பதால் ரங்கன் நடுவில் உட்கார வைக்கப்பட்டான். துடுப்பும் தரப்படவில்லை.

முதல் மூன்று பாய்ச்சல்களை ஆறே பெரிய மனது பண்ணிக் கடத்திவிட்டது. நான்காவதற்குப் பாய்சுருட்டி என்று பெயர். அங்கே வலப்புறம் போனால் தண்ணீர் படகைத் தூக்கிப் பாயைப் போலச் சுருட்டிவிடும். இடப்புறம் ஒரு படகு அகலத்துக்கு வழி இருக்கும், அதில் நுழைந்தால் பிழைக்கலாம்.

"சார், இடது" என்றான் ரங்கன்.

"கையேட்டுல நடுவுலன்னு இருக்கு."

"நடுவுல பாறை கீது சார்."

"கையேட்டுல பாறை இல்லையேப்பா" என்றார் லக்ஷ்மிநாராயணன். அவர் முடித்தபோது படகு தலைகீழாக இருந்தது.

ரங்கன் தண்ணீருக்குள்ளேயே ஆட்களை எண்ணினான். சுப்ரஜாவைப் படகின் கயிற்றில் தொங்கவிட்டான். பிரணவ் சொன்னபடி லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டியிருந்ததால் தக்கை போல மிதந்து போய்க்கொண்டிருந்தான். நீந்திப் போய் அவனைக் கரையோரக் கிளையில் மாட்டினான். இயக்குநரைக் காணவில்லை. பாறைக்குப் பின்னால் நுரை சுற்றுகிற இடத்தில் ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. கையில் கடிகாரம் இருந்தது. அந்தக் கை தண்ணீரிலிருந்து எழும்பி, கடிகாரத்தை முகத்துக்கு நேராகத் திருப்பி, மணி பார்த்துவிட்டு மறுபடி முழுகியது. ரங்கன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். சுழல் அவனையும் இரண்டு சுற்றுச் சுற்றியது. மார்பு வெடிக்கும்போல இருந்தது. தனத்தின் முகம் ஒரு கணம் வந்து போனது. கைக்குச் சட்டைக் காலர் அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு பாறையைக் காலால் உதைத்து மேலே வந்தான்.

கரையில் குப்புறப் படுக்கவைத்து முதுகில் தட்டியதும் இயக்குநர் நிறையத் தண்ணீர் கக்கினார். பிறகு கண் திறந்து, "பத்து நாற்பத்திரண்டு" என்றார்.

விசாரணை அறிக்கை தயாராக நான்கு மாதம் ஆனது. ஜனவரியில் ரங்கனுக்கு நோட்டீஸ் வந்தது. மூன்றாவது மாடியில் விசாரணை அதிகாரியாக லக்ஷ்மிநாராயணன் உட்கார்ந்திருந்தார். முக்கிய சாட்சியும் அவரே என்பதால், கேள்வி கேட்டுவிட்டு எழுந்து எதிர் நாற்காலிக்குப் போய்ப் பதில் சொன்னார். ஒரு தடவை, சாட்சி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று கண்டித்தார். திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். சுப்ரஜா தலை நிமிராமல் குறிப்பெடுத்தாள்.

முடிவில் தீர்ப்பைப் படித்தார். "சம்பவத்தன்று ஆறு, அங்கீகரிக்கப்பட்ட வேகத்தை மீறி ஓடியிருக்கிறது. ஆற்றின் மீது நடவடிக்கை எடுக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. பயணி ரங்கன் அனுமதியின்றி இருக்கையை விட்டு எழுந்திருக்கிறார். தகுதிச் சான்று இல்லாமல் மூன்று நபர்களை மீட்டிருக்கிறார். அவர்களில் ஒருவரைக் காலரைப் பிடித்து இழுத்திருக்கிறார். எனவே அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு, ஆணையத்தின் முன் அனுமதி இன்றி இவர் எவரையும் நீரிலிருந்து மீட்கக்கூடாது."

"ஏதாவது சொல்றீங்களா?"

ரங்கன் யோசித்தான். "முடியில பிடிச்சிருந்தா வலிச்சிருக்கும் சார். அதான் காலர்."

அதுவும் பதிவாயிற்று.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் இறங்கியபோது படிக்கட்டில் சுப்ரஜா பின்னாலேயே ஓடி வந்தாள். பல் டாக்டர் வாசலில் நிறுத்தினாள். "ரங்கன் அண்ணா, நான் மூணு பேட்ச்சுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன். எனக்கு நீச்சல் தெரியாது. அன்னைக்கு உள்ள போனப்போ, நான் சொல்லிக்கொடுத்த ஒண்ணுகூட ஞாபகம் வரலை." "கத்துத் தருவீங்களா?"

"ஞாயித்துக்கெயம காலைல வாங்கம்மா. தனம் கூட நிக்கும்."

அந்த ஞாயிறு சுப்ரஜா வந்தாள். அடுத்த ஞாயிறு பிரணவும் வந்தான். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, போவதற்குள் மிதக்கவாவது தெரிந்துகொள்கிறேன் என்றான். கடல் அடங்கியிருக்கும் மாதம். தனம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று, சுப்ரஜாவின் வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்து, "பயப்படாத கண்ணு, நான் கீறேன்" என்று சொல்லிக்கொண்டே மெல்லக் கையை எடுப்பாள்.

நாலாவது ஞாயிறு, மணல் ஓரத்தில் ஒரு கார் வந்து நின்றது. அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக லக்ஷ்மிநாராயணன் இறங்கினார். சட்டைப் பையில் ஒரு பேனா மட்டும் இருந்தது. சும்மா பார்வையிட வந்ததாகச் சொன்னார். அரைமணி நேரம் பார்வையிட்டார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"ராத்திரி தூங்க முடியலைப்பா. கண்ணை மூடினா அந்த நுரை வருது" என்றார், ரங்கனுக்கு மட்டும் கேட்கும்படி. "இதை எங்கேயும் எழுத வேண்டாம்."

ரங்கன் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான். முழங்கால், தொடை, இடுப்பு. இங்கே நில்லுங்கள் என்று சொல்லிக் கையை விட்டு இரண்டடி தள்ளி நின்றான். அப்போது ஓர் அலை எழுந்து வந்தது. குப்பத்துப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அதற்குள் தலை கொடுத்தார்கள். இயக்குநருக்குக் கால் வழுக்கியது. தண்ணீர் மார்புக்கு ஏறி, கழுத்துக்கு வந்தது.

"ரங்கா" என்றார்.

"சார்."

"பிடிப்பா."

"ஒத்தரவு கீதே சார். மூணு வருசம்" என்றான் ரங்கன் மரியாதையாக.

லக்ஷ்மிநாராயணன் வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பினார். முகவாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, தன்னால் முடிந்த அளவு அதிகாரத்தோடு சொன்னார். "இந்த அலை போற வரைக்கும் அந்த உத்தரவை நிறுத்தி வைக்கிறேன்."

"வாய்மொழியாவா சார்?"

"வாய்மொழியா."

ரங்கன் இரண்டடி எடுத்துவைத்து அவரைத் தூக்கினான்.